திண்டிவனத்திலிருந்து வரும் மிஸ்டு கால்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், விழுப்புரத்தில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் இருக்கிறேன் என்பேன். உடனே, "எங்க வீட்ல வைஃபை ரொம்ப ஸ்லோவா இருக்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், சாவு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒரு முறை பல் பிடுங்கப் போன இடத்தில், என் வாயில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு டாக்டரே கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். வேறென்ன செய்வது?

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முதலாளி முன்பு கேபிள் டிவி நடத்தியவர். விழுப்புரத்தில் ஒரு மாடி அறை, செஞ்சியில் ஒன்று, திண்டிவனம் மார்க்கெட் பக்கம் ஒன்று. மூன்றிலும் ஏசி ஓட, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ரூட்டர்கள் உட்கார்ந்திருக்கும். ரூட்டர் என்றால் வழி பார்த்து அனுப்பும் பெட்டி. யாரோ ஒரு பிள்ளை போனில் படம் பார்க்கிறது என்றால், அந்தப் படம் முழுசாக வராது. துண்டு துண்டாக உடைந்து வரும். ஒவ்வொரு துண்டையும் எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். ஒயர் அறுந்தால் ஒட்டுவதற்கு லைனில் ஒருவர் இருக்கிறார். பெட்டிக்குப் புத்தி பிசகினால் நான். வேறு ஆளே கிடையாது. தலைவலி மாத்திரையைக் கைப்பையில் வைத்திருப்பவளை உழைப்பாளி என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்டை வைத்து என்ன, குழம்பா வைக்க முடியும்?

வீடு என்று பார்த்தால் நாலு பேர், நாலு ஊர். கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நான் விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில். அப்பா திண்டிவனத்தில், சொந்த வீட்டில், தனியாக. அம்மா போன பிறகு அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். "உன் வூட்ல நான் இன்னா பண்ணுவேன்? நீ காலைல போனா ராத்திரி வர்றே. செவுத்தப் பாத்துக்கினு உக்காரவா? இங்கன்னா டீக்கடைல நாலு பேரு இருக்கானுங்க" என்பார். அவர் சொன்ன அந்தச் சுவரை நானே தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் பயம் போகுமா? குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் சொல்வார்கள்? அதற்கு அப்பா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். காலையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால். சாயங்காலம் விளக்குப் போட்டதும் இன்னொன்று. ரெண்டே ரிங், கட். 'நான் நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். போன் பேசக் கணக்குப் பார்த்த காலத்தில், ஊர் போய்ச் சேர்ந்தால் எல்லோரும் இப்படித்தான் தகவல் சொன்னார்கள். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றாலும் அவர் விடவில்லை. நான் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். நேரில் போகும்போது கேட்டால், "அதான் அடிச்சேனே, அப்புறம் இன்னா பேச்சு?" என்பார். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் ஏலம் கூவியவர். வாழ்நாள் முழுக்கக் கத்தித் தீர்த்தவருக்குப் பேச்சு போதுமென்று ஆகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. இரண்டு ரிங் கேட்டதும் அன்றைக்கு அந்தக் கவலை முடிந்தது, அடுத்த கவலைக்குப் போகலாம்.

என் பெட்டிகளும் இதையேதான் செய்கின்றன. கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். முதலாளிக்குப் பல தரம் சொல்லிப் பழகிய வாய் இது.

ரூட்டருக்கு வழி சொல்லித்தர இரண்டு முறை உண்டு. ஒன்று, நாமே கையால் எழுதிவைப்பது. திண்டிவனத்துக்குப் போவதெல்லாம் இந்த வாசல், செஞ்சிக்குப் போவதெல்லாம் அந்த வாசல் என்று. எழுதினது எழுதினதுதான், நடுவில் ரோடு உடைந்தாலும் அது பாட்டுக்கு அந்தப் பக்கமே அனுப்பும். இன்னொரு முறை, பெட்டிகளையே ஒன்றோடொன்று பேசவிடுவது. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு அடுத்த பெட்டியிடம், என்னிடமிருந்து எந்தெந்தப் பக்கம் லைன் போகிறது, எது அகலம், எது குறுகல் என்று சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். ஊர்ப் பேச்சு பரவுகிற மாதிரிதான், ஆனால் கண், காது, மூக்கு வைக்காமல் பரவும். கடைசியில் எல்லாப் பெட்டியிடமும் ஒரே வரைபடம் இருக்கும். ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த வழி லேசு என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இதில் தலைவர் கிடையாது, மேலிடம் கிடையாது. எங்கேயாவது ஒரு லைன் அறுந்தால் பக்கத்துப் பெட்டி உடனே கத்தும். எல்லாம் கணக்கைத் திருப்பிப் போட்டு வேறு வழியில் அனுப்பும். வாயில் வைத்த டீயை விழுங்குவதற்குள் முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு 'ஹலோ'. உண்மையாகவே அதற்கு அதுதான் பெயர். சில நொடிக்கு ஒரு தரம் ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டிக்கு ஒரு ஹலோ அனுப்பும். தொடர்ந்து நாலு ஹலோ வரவில்லையா, ஆள் அவுட் என்று முடிவு கட்டி, அந்த வழியையே வரைபடத்திலிருந்து எடுத்துவிடும். அதோடு இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்த ஹலோவில் 'நான் இருக்கிறேன்' என்பது மட்டும் இருக்காது. 'எனக்கு யார் யார் குரல் கேட்டது' என்கிற பெயர் வரிசையும் இருக்கும். பக்கத்துப் பெட்டியின் ஹலோ வருகிறது, ஆனால் அதில் என் பெயர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவனை நம்பி எதையும் அனுப்பாதே என்பது சட்டம். இரண்டு பக்கமும் கேட்டால்தான் உறவு.

இந்தப் பாடத்தை நான் வேலைக்கு வந்த புதிதிலேயே மனப்பாடமாக ஒப்பித்தவள். என்ன பிரயோஜனம்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எங்களுக்கு இரண்டு வழி. ஹைவே ஓரமாக விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக நேராகப் போவது ஒன்று. செஞ்சியைச் சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. ஹைவேயில் பாலம் கட்டுகிறேன், சர்வீஸ் ரோடு போடுகிறேன் என்று எப்போதும் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். லைன் அறுவதும் ஒட்டுவதுமாக இருந்தது. அறுந்தால் பெட்டிகள் செஞ்சி வழிக்குத் தாவும், ஒட்டினால் ஹைவே வழிக்குத் திரும்பத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சின்ன தடுமாற்றம். வாடிக்கையாளர் முதலாளியைத் திட்டுவார், முதலாளி என்னைக் கூப்பிடுவார்.

"இன்னாம்மா இது, கொரங்கு மாதிரி இங்க ஒரு தாவு, அங்க ஒரு தாவு? ஒரே பேஜாரா இருக்குது. நம்ம லைன் ஹைவேல ஸ்ட்ராங்கா இருக்குதில்ல, அதுலயே போவச் சொல்லி எழுதி வுடு."

"சார், எழுதிட்டா அது யார் பேச்சையும் கேக்காது சார். கையால எழுதினதுக்குத்தான் பெட்டி முதல் மரியாதை குடுக்கும்."

"லைன் அறுந்தா லைட் அணைஞ்சிடுதுல்ல? லைட் அணைஞ்சா அதுவா மாத்திக்கும்ல? அப்புறம் இன்னா? ஜல்தியா எழுதும்மா."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். ஒரு வகையில் அவர் சொன்னதும் சரிதான். ஃபைபர் ஒயருக்குள் வெளிச்சம்தான் ஓடுகிறது. முழுசாக அறுந்தால் வெளிச்சம் நின்றுபோகும், கையால் எழுதிய வழியும் தானாக விலகிவிடும். முழுசாக அறுந்தால்.

ஒரு நாள் காலையில் ஆபீசுக்குள் கால் வைக்கும்போதே திண்டிவனத்திலிருந்து போனுக்கு மேல் போன். ஜெராக்ஸ் கடை, லேப், மண்டிக்காரர்கள், ஆன்லைன் கிளாஸ் பிள்ளைகளின் அம்மாக்கள். யாருக்கும் நெட் இல்லை. என் திரையில் எல்லாம் பச்சை. விளக்கு எரிகிறது, வெளிச்சம் வருகிறது. "லைட் ஜம்முனு வருதுக்கா, லைன்ல ஒன்னும் இல்ல" என்று லைன்காரரும் சத்தியம் செய்தார். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற மாதிரி அவர் என்னைப் பார்க்க, நான் திரையைப் பார்க்க, போன் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பெட்டியின் பேச்சுக் குறிப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஃபைபரில் மயிரிழை மாதிரி இரண்டு இழைகள். ஒன்று போக, ஒன்று வர. வருகிற இழை நன்றாக இருந்தது. திண்டிவனத்து வெளிச்சம் எங்களுக்கு வந்துகொண்டே இருந்தது. போகிற இழை எங்கேயோ ஒடிந்திருந்தது. நாங்கள் அனுப்பியது எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. இதைப் பெட்டிகள் அப்போதே கண்டுபிடித்துவிட்டன: திண்டிவனத்து ஹலோவில் விழுப்புரத்தின் பெயர் இல்லை. இந்த வழி ஆகாது, செஞ்சி வழியாகப் போகலாம் என்று அவை தயாராகவும் இருந்தன. நாங்கள்தான் கையால் எழுதி அவற்றின் வாயை அடைத்து வைத்திருந்தோம். வெளிச்சம் வருகிறதே, எல்லாம் நலம் என்று நம்பி, ஊருக்குப் போக வேண்டியதையெல்லாம் பாழும் கிணற்றில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

எழுதியதை அழித்தேன். அழித்த கையை எடுப்பதற்குள் திண்டிவனம் செஞ்சி வழியாக உயிர் பெற்றது. முதலாளி எழுந்து நின்று, "நான்தான் சொன்னேனே, பெட்டிய அது இஷ்டத்துக்கு வுடுன்னு" என்றார். கடவுளே.

ஒடிந்த இழையைத் தேட வேண்டும். லைன்காரரை வண்டியோடு கூட்டேரிப்பட்டுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு கம்பத்தில், இழைகளை ஒட்டி மூடி வைத்திருக்கும் ஒட்டுப்பெட்டி மேல்தான் சந்தேகம். மறுமுனையில் நின்று வெளிச்சம் பார்க்க ஆள் வேண்டுமே, நான் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். எப்படியும் ஊருக்குப் போகிறோம், அப்பாவைப் பார்த்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று பஸ்ஸிலிருந்தே அவருக்குப் போட்டேன். முழு ரிங் போய் நின்றது, எடுக்கவில்லை. வழக்கம்தான். கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு ரிங், கட். அதுவும் வழக்கம்தான்.

போனைப் பைக்குள் போடப் போனவள் கையிலேயே வைத்துக்கொண்டேன். காலையெல்லாம் திரையில் பார்த்த அந்த ஹலோ கண் முன்னால் வந்தது. அப்பாவின் ஹலோ வருகிறது, சரி. அதில் என் பெயர் இருக்கிறதா? நான் சொன்னது எதையாவது கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லி எவ்வளவு நாளாயிற்று? போன முறை போனபோது முழுக்க அவரேதான் பேசினார். டிவி அலறிக்கொண்டிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்துபோனதைச் சொன்னேன், "ஆமாமா, இந்த வருசம் மல்லாட்ட நல்ல வெளச்சல்" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்க்கெட் அறைக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழ். தட்டினேன். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அப்பா டிவி முன்னால் சம்மணமிட்டுக் கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பா!" என்றேன். "அப்போவ்!" என்று கத்தினேன். எதிர் வீட்டு அம்மாள் வெளியே வந்து பார்த்தார், அப்பா பார்க்கவில்லை. போனை எடுத்து அவருக்கு அடித்தேன். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த போன் வீடே அதிரும்படி அலறியது. களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து நிதானமாக வாயில் போட்டுக்கொண்டார். போன் அலறி அலறி ஓய்ந்தது.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்துப் பார்த்தார். என் பெயர் தெரிந்திருக்கும். முகத்தில் ஒரு சிரிப்பு. ஒரு விரலால் அழுத்திவிட்டு, போனைக் காதில் வைக்காமல் கைக்கு எட்டின தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜன்னலுக்கு வெளியே என் கையிலிருந்த போன் ரெண்டு தரம் அடித்து நின்றது.

என் ஆயுசில் அப்படி அழுதது கிடையாது. அம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

கை கழுவின தண்ணீரை வாசலில் ஊற்ற வந்தவர் என்னைப் பார்த்ததும் சொம்பைக் கீழே போட்டுவிட்டார். "எப்ப வந்தே? இன்னாத்துக்கு அழுவுறே? மாப்ளைக்கு இன்னா ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, உனக்குக் காது கேட்கவில்லையா என்றேன். "சாப்ட்டேன், நீ சாப்ட்டியா?" என்றார். பக்கத்தில் போய் அவர் முகத்துக்கு நேரே வாயை அசைத்து, மெதுவாகத் திருப்பிக் கேட்டேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு சொம்பைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"எப்பலேந்துபா?"

"ஆச்சு. அம்மா போன வருசத்துலயே கொஞ்சம் மந்தந்தான். இப்ப சுத்தமா இல்ல."

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா கூட்டிக்கினு போய்டுவே."

அவ்வளவுதான் விஷயம். காது போனதைவிட வீடு போய்விடுமோ என்கிற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. கோபம் கோபமாக வந்தது. சாயங்காலம் வரை சண்டை. ஒரு ஊமைப்படம் மாதிரி நான் கையை ஆட்டி வாயைப் பிளந்து சண்டை போட, அவர் மண்டிக் குரலில் பதில் சொல்ல, நடுவில் லைன்காரர் போன் செய்து, "அக்கா, ஒட்டுப்பெட்டிக்குள்ள அணில் கூடு கட்டியிருக்குதுக்கா, ஒத்த இழை ஒடிஞ்சிருக்குது, நீங்க லைட்ட பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் எங்கே லைட்டைப் பார்த்தேன்?

அடுத்த வாரம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு, நரம்பு தேய்ந்துவிட்டது, மெஷின் வைத்தால் ஓரளவுக்குக் கேட்கும் என்றார்கள். மெஷின் வாங்கிப் பொருத்தினோம். அப்பா ஒரு நாள் வைத்துப் பார்த்தார். "எண்ணெ மில்லுக்குள்ள உக்காந்துக்கினு இருக்காப்ல இருக்குது" என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அதை ஏன் என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. அந்தச் சங்குப் பழமொழியை மட்டும் அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை.

விழுப்புரத்துக்கு வா என்றேன். வரமாட்டேன் என்றார். கடைசியில் பெட்டிகளின் சட்டத்தையே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். போனை அதிரும்படி மாற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன். அடித்துக் காட்டினேன். பையைக் கையால் பொத்திக்கொண்டு, "அட! கிச்சுகிச்சு மூட்டுது" என்றார். ஏற்பாடு இதுதான். காலையிலும் சாயங்காலமும் அவர் எனக்கு ஒன்று அடிக்க வேண்டும். நான் திருப்பி ஒன்று அடிப்பேன். என்னுடையது அவருக்குத் தெரிந்தால், தெரிந்தது என்பதற்கு அவர் இன்னொன்று அடிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் அந்த வேளை முடிந்தது. வாயசைத்தும் சைகை காட்டியும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக மிரட்டினேன்: "ரெண்டு வேளை தொடர்ந்து வரலன்னா நான் கிளம்பி வந்துடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது, நீ என்கூட விழுப்புரம்."

அப்பா யோசித்தார். "நான் அடிச்சு, நீ திருப்பி அடிக்கலன்னா?"

"நான் அடிக்காம இருப்பேனா?"

"இருந்தா? சட்டம்னா ரெண்டு பேருக்குந்தான்."

சரி என்று தலையாட்டினேன். அவருக்குச் சண்டையில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும், மண்டிப் புத்தி.

அப்படியே ஓடியது. காலையில் பல் விளக்கும்போது ஒன்று, நான் ஒன்று, அவர் ஒன்று. மீட்டிங்கில் போன் மேஜை மேல் முனகினால் முதலாளிகூட, "அப்பாவா? அடிம்மா, அடி" என்பார். பிறகு மழைக்காலம் வந்தது. மழை வந்தால் எங்கள் பிழைப்பு நாய்ப் பிழைப்பு. கம்பம் சாயும், ஒட்டுப்பெட்டியில் தண்ணீர் புகும், கரண்ட் போகும். பெட்டிகள் வழி மாற்றி மாற்றி எப்படியோ ஊரைத் தாங்கும்; எனக்கு மாற்று வழி ஏது? ஒரு வாரம் நனைந்துகொண்டே அலைந்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஈரப் புடவையை மாற்றி, கதவைத் தாழிட்டுப் படுத்ததுதான் தெரியும். கணவருக்கு நைட் ஷிஃப்ட், மகளுக்குப் பரீட்சை. ஆபீசில் லீவு போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்கள். போன் எப்போது சார்ஜ் இல்லாமல் அணைந்தது என்று எனக்குத் தெரியாது.

கனவில் யாரோ கதவை உடைத்தார்கள். கனவு இல்லை. "வரேன், வரேன்" என்றேன். தட்டல் நிற்கவில்லை. "வரேங்கறேன்ல!" என்று இருக்கிற சக்தியையெல்லாம் திரட்டிக் கத்தினேன். அப்படியும் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்த் தாழைத் திறக்கும் வரை தட்டல் ஓயவே இல்லை.

வாசலில் அப்பா. முழங்கால் வரை வேட்டி ஈரம். ஒரு கையில் குடை, ஒரு கையில் மல்லாட்டைப் பை. பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். எவ்வளவு கூப்பிட்டும் வராதவர், கண்டக்டர் கூவும் ஊர்ப் பெயர் காதில் விழாதவர், ஜன்னலோரம் உட்கார்ந்து விக்கிரவாண்டி டோல்கேட்டைக் கண்ணால் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து என் வீட்டை விசாரித்து வந்திருக்கிறார். என் போன் அணைந்துபோனதாகப் போனில் வரும் அந்தப் பெண் குரல் சொல்லியிருக்கும். அது அவருக்கு எங்கே கேட்டது? அவர் பாட்டுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"ரெண்டு வேளையாக் காணோமேடி" என்றார். "நீ செத்துக் கெடந்தா எனக்கு எவன் சொல்லுவான்?"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அவருக்கும் கேட்டிருக்காது. நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் படுக்க வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்து அனுப்பினார். போனைச் சார்ஜில் போட்டு என் தலைமாட்டில் வைத்தார். "சட்டப்படி நீதான் இப்ப என் வூட்டுக்கு வரணும். ஒடம்பு தேறட்டும், பொட்டியக் கட்டு" என்று சொல்லிவிட்டு, கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனார். இத்தனை வருஷமாக எல்லா லைனிலும் உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் லைனையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போனுக்கு உயிர் வந்ததும் அவருடைய மிஸ்டு கால் தகவல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. அடுப்படியிலிருந்து, "உப்ப எங்கடி வெச்சிருக்கே?" என்று அதட்டினார். மேல் தட்டில் என்றேன். கேட்கவில்லை. மறுபடி அதட்டினார். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் போனை எடுத்து அவருக்கு ஒன்று அடித்தேன். படுத்தபடியே கதவிடுக்கில் பார்த்தேன். கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. மற்ற கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, ஒரு விரலால் அழுத்தி, தூரப் பிடித்துப் பார்த்தார்.

என் கையில் போன் ரெண்டு தரம் அடித்து நின்றது.